எலிதின்னிக்கு ஒரு சேவல்

ஜூலை 7

கோழிக் கொட்டகையில் விடியற்காலை கரி அணைந்துபோயிருக்கிறது. குஞ்சுகள் குளிர் தாங்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அடியில் கிடந்தவை நசுங்கிவிட்டன. லுசாக்காவின் ஜூலைக் குளிருக்கு ஈவிரக்கம் கிடையாது. சிறைக்குள்ளே என் கணவருக்குப் போர்வை கொடுத்திருப்பார்களா?

மத்தியானம் வானொலியில் அவருடைய கைதைப் பற்றி ஐரோப்பியத் தூதர் கவலை தெரிவித்தார். போன வாரம் அமெரிக்கத் தூதர் தெரிவித்தார். அதற்கு முன்னால் பக்கத்து நாட்டு மாஜி ஜனாதிபதி விமானத்தில் வந்திறங்கி, கவலை தெரிவித்து, கோல்ஃப் ஆடிவிட்டுப் போனார். எல்லோரும் தெரிவித்துத் தெரிவித்து அவர்கள் கவலை குறைந்திருக்கும். என்னுடையது அப்படியே இருக்கிறது.

ஜூலை 9

இன்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

காமன்வெல்த்திலிருந்து அனுப்பியிருக்கும் சமரசத் தூதர், ஜட்ஜ் விட்டேக்கர். நியூசிலாந்துக்காரி. ஓய்வுபெற்ற நீதிபதி, வெள்ளை முடி, நல்ல கண். கூடவே அரசாங்கத்தின் சார்பில் வெளியுறவுச் செயலர் ஜேரே. எங்கள் ஜேரேதான். என் கணவரோடு பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் கிடந்தவன், என் கல்யாணத்தில் குடித்துவிட்டு மேளத்தின்மேல் விழுந்தவன்.

அவன் இங்கோனி இனம், நாங்கள் பெம்பா. இரண்டு இனமும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்ததற்குப் பரிகாரமாக, இன்றைக்கும் கேலி முறை. சிம்புயா என்போம். அவர்கள் எங்களைக் குரங்குதின்னி என்பார்கள், நாங்கள் அவர்களை எலிதின்னி என்போம். மந்திரியானாலும் மடக்கித் திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் மகள் சிலேஷேயின் பெயரால் ஊருக்கு நான் பானா, அதாவது அம்மா; அவர் பாஷி, அப்பா. வாசலில் கால் வைத்ததுமே ஜேரே ஆரம்பித்தான். "என்ன பானா சிலேஷே, காட்டுல குரங்கு தீந்து போச்சுன்னு கோழிக்கு வந்துட்டீங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. நாற்காலியைக் காட்டினேன்.

கேலிக்குப் பதில் கேலி வரவில்லை என்றால் உறவு முடிந்தது என்று பொருள். அது அவனுக்குத் தெரியும். முகம் விழுந்துவிட்டது. விழட்டும். என் புருஷனை உள்ளே வைத்திருக்கும் கூட்டத்தின் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தவனுக்கு என்ன கேலி வேண்டியிருக்கிறது?

விஷயம் இதுதான். அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். ஜனாதிபதியிடம் மன்னிப்பு, ஆட்சியைக் கவிழ்க்க நினைத்தது தவறு என்று ஒரு வரி, பிறகு சிகிச்சை என்ற பெயரில் ஒன்றரை வருஷம் வெளிநாடு. அதற்குள் தேர்தல் முடிந்துவிடும். கையெழுத்துப் போட்டால் தேசத்துரோக வழக்கை வாபஸ் வாங்குவார்கள். போடாவிட்டால் ஆகஸ்ட் 14 விசாரணை. தேசத்துரோகத்துக்கு ஜாமீனும் கிடையாது. தீர்ப்பு எதிராகப் போனால் ஆயுளுக்கும் உள்ளேதான்.

அப்படி என்ன செய்துவிட்டார் என் கணவர் லெனர்ட் கசோமா? மே மாதக் கூட்டத்தில், "இந்தக் கிறிஸ்துமஸ் சாப்பாடு நமக்கெல்லாம் ஸ்டேட் ஹவுஸ்லதான்" என்றார். ஜனம் சிரித்தது. நானும் சிரித்தேன். தேர்தல் அடுத்த ஆகஸ்டில்தானே, அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு ஜனாதிபதி மாளிகையில் சாப்பிடுவதென்றால் கவிழ்த்துவிட்டுத்தானே சாப்பிட முடியும் என்று கேஸ் போட்டுவிட்டார்கள். ஒரு சாப்பாட்டுப் பேச்சுக்கு.

"நீங்கள் சொன்னால் அவர் கேட்பார்" என்றார் விட்டேக்கர் அம்மா. "அவருடைய ரத்த அழுத்தம் என்னைப் பயமுறுத்துகிறது. ஜோகன்னஸ்பர்கில் மருத்துவமனை தயாராக இருக்கிறது."

"செய்யாத தப்புக்கு எழுதிக் கொடுக்கணுமா?" என்றேன்.

"உயிரோடிருந்தால்தான் எதையும் மறுக்க முடியும்" என்றார். நல்ல மனுஷிதான். அதனால்தான் எரிச்சல் அதிகமாக வந்தது.

ஜேரே தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

ஜூலை 10

வாசல் கதவில் ஒட்டியிருந்த கட்சிப் படத்தை ராத்திரி யாரோ கிழித்துவிட்டார்கள். புதிதாக இரண்டு ஒட்டினேன்.

ஜூலை 16

வியாழக்கிழமை, சிறையில் பார்க்க விடும் நாள். சோளக் களி ஷிமாவும் வேர்க்கடலை போட்ட கீரையும் கொண்டுபோனேன். காவலர் முன்னால் நானே முதல் வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும், விஷமில்லை என்று. சொந்தப் புருஷனுக்கு நான் விஷம் வைப்பேனாம், இவர்கள் அவரைக் காப்பாற்றுகிறார்களாம்.

கால் வீங்கியிருக்கிறது. செருப்பின் வார் சதைக்குள் புதைந்து கிடக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்துக் காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டார்.

"அந்தத் தாளைக் கொண்டு வந்தாங்க" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"யோசிக்கிறேன்னேன்."

முதல் மாதமாக இருந்தால் கிழித்து வாயில் போட்டு மென்றிருப்பார். இப்போது யோசிக்கிறாராம். "ஒன்றரை வருஷம்தானே" என்று அவரே மெதுவாகச் சொன்னார். "கட்சிய வேற யாராவது பாத்துக்கட்டும். சிலேஷே குழந்தை பெத்தா தூக்கவாவது நான் இருக்கணும்ல."

போடாதீங்க என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பிணத்தை வைத்துக்கொண்டு எந்த மானத்தைக் கொண்டாடுவேன்?

ஆனால் அவர் கையெழுத்துப் போட்டால், மே மாதம் அந்த மைதானத்தில் சிரித்த அத்தனை பேரும் குற்றவாளி. அதுவும் தெரிகிறது.

ஜூலை 17

தூக்கமில்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. தீவனக் கடைக்காரன் அகப்பட்டான்.

ஜூலை 22

என் கணவரின் அண்ணன் பேட்ரிக் போய்விட்டார். சந்தையில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

தம்பியை அடக்கத்துக்கு அனுப்பச் சொல்லி வக்கீல் மனுப் போட்டார். பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்று பதில். விட்டேக்கர் அம்மாவும் பேசிப் பார்த்தார். இயலாது. கையெழுத்துப் போட்டால் நாளைக்கே வரலாம் என்று சிறையில் அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பாவிகளா. சாவை வெச்சுமா பேரம் பேசுவீங்க?

ஜூலை 25

அடக்கம் முடிந்தது. நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

பெண்கள் உள்ளே தரையில், ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி. விட்டேக்கர் அம்மா கறுப்பு உடையில் வந்து எங்களோடு பாயில் உட்கார்ந்தார், கால் மரத்துப்போனாலும் எழுந்திருக்கவில்லை. அதற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். பக்கத்தில் அவருடைய மொழிபெயர்ப்பாளர், தடித்த மனிதர், யார் என்ன சொன்னாலும் காதில் ஓதிக்கொண்டே இருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கப் போகும்போது ஜேரேயின் கார் வந்தது. அழைக்கவில்லை. அழைக்க வேண்டியதுமில்லை, கேலி முறைக்காரன் சாவுக்கு வந்தே ஆக வேண்டும், வந்து கலாட்டா செய்தே ஆக வேண்டும். அழுதுகொண்டிருப்பவர்களைச் சிரிக்க வைக்காமல் அனுப்பினால் அது அவன் குலத்துக்கே இழுக்கு.

கோட்டு சூட்டோடு நேரே குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டான்.

"குரங்குதின்னியில ஒண்ணு குறைஞ்சதுன்னு காட்டுல குரங்கெல்லாம் விருந்து வெச்சிருக்கு" என்று உள்ளேயிருந்து கத்தினான். "இந்தக் குழி எனக்கு. கொழுத்த சேவல் ஒண்ணு குடுத்தாத்தான் எந்திரிப்பேன்."

கிழவர்கள் சிரித்தார்கள். பேட்ரிக்கின் மனைவி கூடத் தோள்துணிக்குள் சிரித்தாள். விட்டேக்கர் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் இவ்ளோ அவசரமா புதைக்கிறீங்க?" அவன் நிறுத்தவில்லை. "எங்களைப் பாருங்க. எங்க கேஸ் செத்து எவ்ளோ நாளாச்சு, நாங்க இன்னும் வெளிய போட்டு ஈ ஓட்டிட்டிருக்கோம். சாட்சி சொல்றேன்னவன் ஒவ்வொருத்தனா நழுவிட்டான். ஒருத்தன் கூட மிச்சமில்ல. லெனர்ட் போடற கையெழுத்துதான் அந்தப் பொணத்துக்குப் பெட்டி. சீக்கிரம் குடுங்கடா குரங்குகளா, நாத்தம் தாங்கல."

எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அரசாங்கத்து ஆள் அரசாங்கத்தையே கிண்டல் செய்கிறான், நல்ல முறைக்காரன் என்று.

நான் குழி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மல்லாந்து கிடந்தான், வயிற்றின்மேல் மண். வாய்தான் சிரித்தது. கண் என்னையே பார்த்தது. பதிலுக்குக் காத்திருந்தான்.

"எலி தன் வளைக்குள்ள தானாவே போயிருச்சு" என்றேன். "மண்ணைத் தள்ளுங்க."

அந்தச் சிரிப்பில் குழி தோண்டியவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டான். ஜேரே எழுந்து உட்கார்ந்து, "பேசிட்டா, பேசிட்டா" என்று கை தட்டினான். "சேவல்?"

"என் புருஷன் வெளிய வரட்டும். தரேன்."

"அப்ப அதுவரைக்கும் கோழிக் கொட்டகைல கண்ணு வெச்சுக்கோ, திருடப் போறேன்" என்று மேலே ஏறினான். அதன்பிறகுதான் பேட்ரிக்கை இறக்கினோம்.

ஜூலை 26

கேலியா, நிஜமா?

கேட்கக் கூடாது. கேலி முறைக்காரன் சொன்னதைப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, அது உண்மையா என்று கேட்பவள் முறையைக் கெடுத்தவள். கேட்டாலும் சொல்ல மாட்டான். அதற்காகத்தானே குழிக்குள் இறங்கிச் சொன்னான். நூறு பேர் நடுவில் ரகசியம் சொல்ல இதைவிட நல்ல இடம் ஏது?

அல்லது வெறும் சாவுவீட்டுக் கூத்தா? நான் என் ஆசைக்கு அர்த்தம் பண்ணிக்கொண்டு அவரை உள்ளேயே சாகவிடப் போகிறேனா?

ஜூலை 28

விட்டேக்கர் அம்மா வந்தார். கோபத்தில் கன்னம் சிவந்திருந்தது. துக்க வீட்டில் உங்கள் குடும்பத்தை ஓர் உயர் அதிகாரி மிருகங்கள் என்று இழிவாகப் பேசியதைக் கண்டித்து அரசாங்கத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன், மன்னிப்பு கேட்கச் சொல்லியிருக்கிறேன் என்றார்.

"எதை எழுதினீங்க?"

"அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும். மொழிபெயர்ப்பாளர் குறித்து வைத்திருந்தார்."

"அம்மா, அவர் எங்களைத் திட்டல. அது எங்க வழக்கம். அது மரியாதை. வரலைன்னாத்தான் தப்பு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் பெருந்தன்மை எனக்குப் புரிகிறது" என்றார்.

என்ன புரிந்தது? பெருந்தன்மையாம். எனக்கா? தீவனக் கடைக்காரனைக் கேட்டால் சொல்லுவான்.

நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எங்கள் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும் இங்கோனிக்காரன் சாவுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று. உலகமெல்லாம் சமரசம் பேசின நீதிபதிக்குத் தெரியவில்லை. தூதரக முத்திரையோடு, ஆங்கிலத்தில், 'எங்கள் வழக்கு இறந்துவிட்டது, சாட்சிகள் எவருமில்லை' என்று ஸ்டேட் ஹவுஸ் மேஜைமேல் போய் உட்கார்ந்திருக்கிறது. பெம்பாவில் அது கேலி. ஆங்கிலத்தில் அது வாக்குமூலம்.

ஜேரே தொலைந்தான்.

ஜூலை 30

வியாழன். ராத்திரியெல்லாம் யோசித்து, வழியில் முடிவு செய்தேன். ஒருத்தன் தன் வேலையையே குழியில் போட்டுவிட்டுச் சொன்னதை நான் நம்பாமல் இருக்கக் கூடாது.

காவலர் கூடவே நின்றார். ரகசியம் பேச முடியாது. ரகசியம் எதற்கு? ஷிமாவை ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிவிட்டு, ஊர்வம்பு மாதிரியே ஆரம்பித்தேன்.

"அண்ணன் அடக்கத்துல அந்த எலிதின்னி பண்ணின கூத்தக் கேட்டீங்களா, பாஷி சிலேஷே?"

குழியில் படுத்ததைச் சொன்னேன், சேவல் கேட்டதைச் சொன்னேன். பிணம், ஈ, நாற்றம், பெட்டி, ஒன்றுவிடாமல் ஜேரேயின் குரலிலேயே சொன்னேன். காவலர் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரும் இங்கோனிகளின் கிழக்கு மாகாணத்துக்காரர்தானாம், இப்படிப் பேச எங்க ஆளுங்களை விட்டா யாரும்மா என்றார்.

என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"அவன் கண்ணு?" என்றார்.

"சிரிக்கல."

கொஞ்ச நேரம் ஷிமாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு காவலரைப் பார்த்து, "ஆபீஸ்ல அந்தத் தாளு இருக்கில்ல, அதக் கொண்டு போகச் சொல்லுங்க. எனக்கு வேண்டாம்" என்றார்.

"காலு இப்படி வீங்கியிருக்கே" என்றேன். நான்தான் சொன்னேன். இதற்காகத்தானே வந்தேன், இருந்தும் வாய் தானாகச் சொல்லிற்று.

"காலுதானே" என்றார். "கைக்கு ஒண்ணும் ஆகல. நம்ம இஷ்டத்துக்குக் கையெழுத்துப் போடாம இருக்கும்." மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக இரண்டாவது தடவை கீரை கேட்டார்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பயத்தில்தான். வேறென்ன?

ஆகஸ்ட் 3

விட்டேக்கர் அம்மா தொலைபேசியில். அவர் கையெழுத்தை மறுத்தது தனக்கு மிகுந்த வருத்தம் என்றார். "அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் உங்களால் தாங்க முடியுமா?"

"முடியாது. அவருக்கும் தெரியும்" என்றேன். "நீங்க ஒண்ணு செய்யுங்க. சாட்சிங்க யாருன்னு அரசாங்கத்தக் கேளுங்க. உங்க புகார்லயே எழுதியிருக்கே, ஒருத்தருமில்லைன்னு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். நீதிபதி இல்லையா, ஒரு நிமிஷம் போதும்.

"அது... கேலி என்று சொன்னீர்களே" என்றார்.

"ஆமா. கேலிதான்."

ஆகஸ்ட் 8

விட்டேக்கர் அம்மா கேட்டிருக்கிறார். பாதுகாப்புக் காரணங்களால் சாட்சிகளின் பெயர் தர இயலாது என்றார்களாம். என் நீதிமன்றத்திலும் அந்தப் பதிலைக் கேட்டுப் பழக்கம்தான், சாட்சி இல்லாதவர்கள் சொல்வது அது என்றார். குரல் மாறியிருக்கிறது. இனி சமரசம் பேசப் போவதில்லை, விசாரணையன்று முதல் வரிசையில் உட்காரப் போகிறேன், மற்றத் தூதர்களையும் அழைத்து வருகிறேன் என்றார்.

கவலை தெரிவிக்காமல் முதல்முறையாக ஒருவர் வருகிறேன் என்கிறார்.

ஆகஸ்ட் 13

நாளை. இடுப்பில் சுற்றும் நல்ல சித்தெங்கேத் துணியை இஸ்திரி போட்டு வைத்தேன், கட்சி நிறத்தில். கட்ட வேண்டாம் என்றார் வக்கீல். கட்டுவேன்.

ஆகஸ்ட் 14

அரசு வழக்கறிஞர் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். அரசு இந்த வழக்கைத் தொடர விரும்பவில்லை என்றார். உட்கார்ந்தார்.

அவ்வளவுதான்.

வெளியே ஜனம் என் கணவரைத் தூக்கப் போனது, காலைத் தொடாதீங்கடா என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டில் குளித்துவிட்டு, கோழிக் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கரிய அணைய விட்டிருக்க" என்றார். என்னையா சொல்றீங்க, உங்களால எனக்கு எத்தனை குஞ்சு செத்துச்சு தெரியுமா என்று பிடித்துக்கொண்டேன். சண்டை போட்டோம். நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 21

மாலை வானொலியில் கடைசிச் செய்தியாக, குரலே ஏறாமல் வாசித்தார்கள். வெளியுறவுச் செயலர் ஜேரே தேசநலன் கருதி ஓய்வில் அனுப்பப்பட்டார். இந்த நாட்டில் தேசநலனுக்காக ஒருவனுக்கு ஓய்வு கொடுத்தார்கள் என்றால், ஓய்வூதியத்தைக்கூட எப்போது கண்ணில் பார்ப்பானோ தெரியாது.

அவர் வானொலியை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

ஆகஸ்ட் 23

கொட்டகையிலேயே பெரிய சேவலைப் பிடித்துக் காலைக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அரசாங்க வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வராந்தாவெல்லாம் பெட்டி. ஜேரே பனியனோடு நின்று கட்டிலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

எத்தனையோ சொல்ல நினைத்து வந்தேன். கேலி முறைக்காரனுக்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் அவமானம்.

"எலிக்கு வளை மாத்தறாங்களாமே" என்றேன்.

"குரங்கு விசாரிக்க வந்துருச்சு பாரு" என்றான் மனைவியிடம். சேவலை வாங்கித் தூக்கிப் பார்த்தான். "இதா? இது புறா. நான் அந்தக் குழிக்குள்ள என்ன குளிரு தாங்கினேன் தெரியுமா? என்கிட்டயே வளரட்டும். கிறிஸ்துமஸுக்குள்ள சேவலாகுதா பாக்கலாம்."

"அந்த வெள்ளைக்காரம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"விடு. அந்தம்மா உங்களுக்காகத்தான் சண்டை போட்டுச்சாம். என் ஜென்மத்துல எனக்கெதிரா இவ்ளோ நல்ல இங்கிலீஷ்ல யாரும் எழுதினதில்ல." சிரித்தான். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, வெகுநேரம் ஓர் ஆணியையே பிடுங்கிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 30

விட்டேக்கர் அம்மா ஊருக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் கேட்டார், "ஜேரேக்கு நடந்ததற்கு நான்தானே காரணம்?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. என் கணவர் வெளியே வந்ததற்கும் அந்தப் புகார்தான் காரணம் என்றும் சொன்னேன். இரண்டையும் வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

டிசம்பர் 25

நல்ல மழை. இந்தக் கிறிஸ்துமஸ் சாப்பாடும் எங்கள் வீட்டில்தான். அவருக்கு உப்பில்லாமல் தனிச் சட்டி. கால் வீக்கம் முழுதாக வடியவில்லை. கூட்டத்துக்கு மட்டும் ஒன்றுவிடாமல் போகிறார், தேர்தலில் நிற்கப் போகிறார்.

எதிர்ச் சாரியில் போலீஸ் ஜீப். யார் வருகிறார், யார் போகிறார் என்று எழுத இரண்டு பேர். கிறிஸ்துமஸுக்குக்கூட அவர்களை வீட்டுக்கு விடவில்லை.

ஒரு மணிக்கு ஜேரே வந்தான், சின்னப் பழைய காரில், மனைவியோடு. கையில் அந்தச் சேவல், உரித்துச் சுத்தம் செய்தது. உண்மையாகவே பெரிதாகியிருந்தது.

உள்ளே வருவதற்கு முன்னால் தெருவைக் கடந்து ஜீப்பிடம் போனான். மழையில் அவன் குரல் எங்கள் சமையலறை வரைக்கும் கேட்டது. "ஜேரே. முன்னாள் வெளியுறவுச் செயலர். எழுத்துக் கூட்டிச் சொல்லவா? இந்த மாதிரி ரிப்போர்ட்டெல்லாம் என் மேஜைக்குத்தான்டா வந்துட்டிருந்துச்சு, பாதி நேரம் பேரத் தப்பா எழுதுவீங்க. கசோமா வீட்டுல கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்தான்னு எழுதுங்க. ஸ்டேட் ஹவுஸ்காரன் வந்தான்னு போட்டாலும் சரி."

அவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

ஜேரே நனைந்துகொண்டே உள்ளே வந்து, தட்டைத் தொட்டுப் பார்த்து, ஷிமா ஆறிப்போச்சு என்று என்னைத் திட்ட ஆரம்பித்தான். ஜீப்பில் இருந்தவர்களுக்கும் இரண்டு தட்டு போட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.